பூங்காவுக்குப் பதில் பணம், வீட்டுக்குப் பதில் பணம்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் திட்ட அனுமதி வாங்கக் கட்ட வேண்டிய கட்டணங்களின் பட்டியல் நீளமானது. வளர்ச்சிக் கட்டணம், கூர்ந்தாய்வுக் கட்டணம், உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம், திறந்தவெளி ஒதுக்கீட்டுக் கட்டணம், கூடுதல் மாடிகளுக்கான பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டணம், உறைவிடக் கட்டணம், குடிநீர் வாரியத்துக்குத் தனிக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு 1 விழுக்காடு. இவற்றைக் குறைக்கச் சொல்லி ரியல் எஸ்டேட் அமைப்புகள் அரசிடம் தொடர்ந்து கோரிக்கை வைக்கின்றன. நாளிதழின் வீடு, மனை பக்கத்தோடு அந்த விவாதம் முடிந்துவிடுகிறது.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நகர நிலம் குறித்து ஆய்வு செய்பவன் என்ற முறையில் எனக்கு இதைவிட நெருக்கமான சாதிப் பிரச்சினை வேறு தெரியவில்லை.

இந்தக் கட்டணங்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசு சொல்லும் நியாயம் ஒன்றுதான். புதிதாக நூறு வீடு வந்தால் அந்த நூறு வீட்டுக்கும் சாலை வேண்டும், குடிநீர் வேண்டும், கழிவுநீர்க் குழாய் வேண்டும், பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும். வீட்டைக் கட்டி விற்று லாபம் பார்ப்பவர் அந்தச் செலவில் ஒரு பங்கைக் கொடுக்கட்டும். சரியான நியாயம். நான் இந்தக் கட்டணங்களின் பக்கம்தான் நிற்கிறேன். என் கேள்வி அதற்கு அடுத்தது. ‘பொது வசதி’ என்ற பெயரில் வாங்கும் பணம் எந்தப் பொதுமக்களுக்கு வசதியாக மாறுகிறது? இதைக் கேட்காமல் விட்டால், கட்டணத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் சேரிக்கு ஒன்றும் வரப்போவதில்லை.

பொதுப்பணம் என்ற வாதம்

பொதுப்பணத்தில் உருவானது எல்லோருக்கும் உரியது என்பது சாதி எதிர்ப்பு இயக்கத்தின் பழைய வாதங்களில் ஒன்று. 1923-இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் அதைத்தான் சொன்னது. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்படுகிற குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைத் தீண்டப்படாதார் பயன்படுத்தத் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். மறு ஆண்டே மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் காகிதத்தில் திறந்த குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க, 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் ஊர்வலமாகப் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. குளத்தின்மீது சாதி இந்துக்கள் உரிமை கொண்டாடித் தொடுத்த வழக்கு 1937-இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது.

இங்கே 1924-இல், சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்றது. அரசு அதை ஏற்று ஆணையும் வெளியிட்டது.

நூறாண்டுகளுக்கு முன் இருந்த பிரச்சினை, இருக்கிற குளத்துக்குள் நம்மை விடாதது. கிராமங்களில் அந்தப் பிரச்சினை இன்னும் முடியவில்லை என்பதை 2022-இல் வேங்கைவயல் காட்டியது. பெருநகரத்தில் அதற்கு வேறொரு வடிவம் இருக்கிறது. நாம் வாழும் பகுதியில் குளமே வெட்டப்படுவதில்லை. பூங்கா வருவதில்லை, நூலகம் வருவதில்லை, விளையாட்டுத் திடல் வருவதில்லை. யாரும் யாரையும் தடுக்கவில்லை என்பதால் இதைத் தீண்டாமை என்று சட்டத்தின் முன் நிறுத்தவும் முடிவதில்லை. ஆகவே நாம் பார்க்க வேண்டிய இடம் வாசற்கதவு மட்டுமல்ல, வரவு செலவுக் கணக்கும்தான்.

நிலம் பணமாகும்போது

திறந்தவெளி ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். ஓஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சென்னைப் பெருநகரப் பகுதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், அதாவது சுமார் 45 கிரவுண்டுக்கு மேல், மனைப்பிரிவோ பெரிய கட்டடமோ போடுபவர், சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகக் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் அதற்கு ஈடான பணத்தைக் கட்டலாம். 3,000-க்குக் கீழ் எதுவும் கிடையாது. இந்த ஒதுக்கீட்டு விதி செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அந்த ‘அல்லது’வைக் கவனியுங்கள். 6,000 சதுர மீட்டர் இடத்தில் ஒரு குடியிருப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலைக்கு எதுவும் விடவில்லை என்றால், நிலமாகக் கொடுத்தால் 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.7 கிரவுண்ட், அந்தத் தெருவிலேயே நிற்கும். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளும் அதில் பந்து விளையாடலாம். பணமாகக் கட்டிவிட்டால் அந்தத் தெருவில் எதுவும் மிஞ்சாது. அந்தப் பணத்தைக் கொண்டு அதே தெருவில் அதே அளவு நிலத்தை மாநகராட்சி வாங்கவும் முடியாது. வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை வேறொன்று என்பது பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலில் நின்ற எவருக்கும் தெரியும். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. பத்திரச் செலவு குறையும் என்று பேசினோம். வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடும் ‘பூங்காவுக்குப் பதில் பணம்’ அதே வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிலமாகவே கொடுத்த இடங்களில் என்ன நடக்கிறது? பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியில் கள ஆய்வுக்காக அலைந்தபோது, ஆவணப்படி மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த ஒரு பூங்காவைத் தேடிப் போனேன். அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில் சுவருக்கு உள்ளே இருந்தது. வாசலில் இருந்த காவலர் என்னிடம் எந்த பிளாக், எந்த வீடு என்று கேட்டார். பூங்காவுக்கு வந்தேன் என்றேன். “வெளியாட்களுக்கு இல்லீங்க சார்” என்றார் பணிவாக. பேச்சுக் கொடுத்ததில், அவர் கண்ணகி நகரிலிருந்து வருகிறவர் என்று தெரிந்தது. தன் பிள்ளைகளுக்கும் சட்டப்படி உரிமையுள்ள ஒரு பூங்காவுக்கு அவர் பன்னிரண்டு மணிநேர ஷிப்டில் காவல் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கும் அதே ‘அல்லது’

பூங்காவுக்கு இருப்பது போன்ற ஒரு விதி வீட்டுக்கும் இருக்கிறது. பெரிய குடியிருப்புத் திட்டம் கட்டுபவர் அதில் 10 விழுக்காட்டை 40 சதுர மீட்டருக்கு மிகாத சிறு வீடுகளாக, அதே மனையிலோ 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ கட்ட வேண்டும். அல்லது உறைவிடக் கட்டணம் செலுத்திவிட்டு விலகிக்கொள்ளலாம்.

2 கிலோமீட்டர் என்று விதியில் எழுதியவர் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்க வேண்டும். வீட்டு வேலை செய்பவர், ஓட்டுநர், காவலர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாழ வேண்டும் என்பது அதன் பொருள். பணத்துக்கு அந்த 2 கிலோமீட்டர் கட்டுப்பாடு கிடையாது. அடையாறில் கட்டாத வீட்டுக்கான பணம் மாநில நிதியில் சேர்ந்த பிறகு அடையாறுக்குத்தான் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஏழைகளின் வீட்டை எங்கே கட்டுவது என்று அரசு முடிவு செய்தபோதெல்லாம் அது எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். 2000-இல் கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கம். தீவுத்திடலுக்கு அருகில், தலித் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த சத்தியவாணி முத்து நகரின் மக்களையும் பெரும்பாக்கத்துக்குத்தான் ஏற்றி அனுப்பினார்கள். கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் ஏறக்குறைய 20,000 வீடுகள். இவை உறைவிடக் கட்டணத்தில் கட்டப்பட்டவை அல்ல. வேறு திட்டங்களில் வந்தவை. ஆனால் நகரத்தின் நடுவில் மதிப்புள்ள நிலம், நகரத்தின் ஓரத்தில் மதிப்பில்லாத மக்கள் என்ற கணக்கு ஒன்றேதான். வீட்டுக்குப் பதில் பணம் வாங்கும் விதி அந்தக் கணக்குக்குத் தனியார் கட்டுமானத்தையும் சேர்த்துவிடுகிறது.

ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த கிராமத்தை விட்டு நகரத்துக்கு வரச் சொன்னார் அம்பேத்கர். வந்தோம். நகரம் தன் சேரியை 25 கிலோமீட்டர் தள்ளி, எட்டு மாடி உயரத்தில் கட்டிக்கொண்டது.

பணம் யார் கையில்?

மூன்றாவது, உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம். 2008-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து நடைமுறையில் இருப்பது. கட்டப்படும் பரப்புக்கு ஏற்பச் சதுர மீட்டர் கணக்கில் வசூலாகி, மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பதை மாநகராட்சி மாமன்றம் முடிவு செய்வதில்லை. உங்கள் வார்டில் இருபது மாடிக் கட்டடம் வந்தால் அதன் தூசியும் லாரியும் கழிவுநீரும் உங்கள் வார்டுக்கு வரும். அதற்கான கட்டணம் வார்டுக்கு வந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

2022-இல் சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1688-இல் தொடங்கிய மாநகராட்சியில் முதன்முறையாக ஒரு தலித் பெண் மேயரானார். வார்டுகளிலும் இடஒதுக்கீட்டின் வழியாக நம் பெண்கள் உறுப்பினர்களாக வந்தார்கள். நாம் கொண்டாடியதில் தவறில்லை. ஆனால் புதுக் கட்டடங்களிலிருந்து வரும் முக்கியமான கட்டணங்கள் சிஎம்டிஏவுக்கும் மாநிலத்தின் நிதிகளுக்கும் போகின்றன. நாற்காலிக்கு இடஒதுக்கீடு வந்திருக்கிறது. சாவி வேறொரு மேசையில் இருக்கிறது.

“கடைசியில் வாங்குபவர் தலையில்தானே?”

இந்தக் கட்டணங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கட்டணம் கூடினால் வீட்டு விலை கூடும். முதல் தலைமுறையாக வங்கிக் கடன் வாங்கி மறைமலை நகரிலோ ஆவடியிலோ 600 சதுர அடி வீடு வாங்கும் நம் மக்களையே அது பாதிக்கும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால், கட்டுபவர் நிலத்துக்குக் கொடுக்கும் விலையில் அதைக் கழித்துக்கொள்வார். அப்போது சுமை நில உரிமையாளர் மீது விழும். ஆனால் வீட்டுக்குத் தேவை அதிகமாக உள்ள இடத்தில் வாங்குபவர் மீதும் ஒரு பகுதி விழும் என்பதை மறுக்க முடியாது.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றும் இருக்கிறது. 1920களில் தியாகராய நகரை உருவாக்கியபோது அதன் பூங்காக்களும் அகலமான தெருக்களும் நகராட்சியின் திட்டமாகவே வந்தன. பழைய நகரத்தின் வசதிகளில் பெரும்பாலானவை எல்லோருடைய வரியிலும் உருவானவை. அந்த வசதிகளைச் சுற்றி வாழ்பவர்கள் கட்டும் சொத்து வரி 1998-க்குப் பின் பல ஆண்டுகள் கூட்டப்படவில்லை. 2018-இல் உயர்த்தியதையும் 2019-இல் நிறுத்திவைத்தார்கள். 2022-இல்தான் சீராய்வு நடைமுறைக்கு வந்தது. முன்பே வந்து குடியேறியவர்கள் பழைய வரியில் பூங்காவை அனுபவிக்க, தாமதமாக நகரத்துக்குள் வரும் நம் தலைமுறை மட்டும் வாசலில் கட்டணம் கட்ட வேண்டுமா?

2017-இல் வந்த வரைமுறைப்படுத்தும் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளை வரைமுறைப்படுத்த, வரைமுறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், அவற்றோடு திறந்தவெளிக்கான கட்டணமும் கேட்டார்கள். பூங்காவுக்கு ஓர் அடி இடம் விடாமல் ஏரிக்கரை வரை கல் நட்டு விற்றவர் லாபத்தோடு போய்விட்டார். நகையை அடகு வைத்து ஒரு மனை வாங்கியவர், தன் மனைப்பிரிவில் இல்லாத பூங்காவுக்கும் சேர்த்துப் பணம் கட்டினார். அங்கீகாரம் பெற்ற மனை வாங்கப் பணம் இல்லாததால்தான் அவர் அங்கே போனார் என்பதைக் கட்டண ரசீது கேட்கவில்லை.

ஆகவே கட்டணமே கூடாது என்ற ரியல் எஸ்டேட் குரலோடு நாம் சேரத் தேவையில்லை. கட்டணம் யாரிடம், எவ்வளவு, எதற்கு என்பதை மாற்றக் கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, சிறு வீடுகளுக்கு விலக்கு. 40 சதுர மீட்டர் வீடுதான் ஏழைகளுக்கான வீடு என்று அரசே விதியில் எழுதியிருக்கிறது. அந்த அளவுக்கு மிகாத வீடுகளுக்கு இந்த வசதிக் கட்டணங்கள் வேண்டாம். அதற்கு மேல், பரப்பு கூடக் கூட விகிதமும் கூடட்டும். 3,000 சதுர அடி வீட்டுக்கும் 600 சதுர அடி வீட்டுக்கும் சதுர மீட்டருக்கு ஒரே கட்டணம் என்பது சமத்துவம் ஆகாது.

இரண்டாவது, ‘அல்லது’ என்பதை எடுக்க வேண்டும். நிலம் கொடுக்க முடிந்த இடத்தில் நிலம்தான் கொடுக்க வேண்டும். உண்மையாகவே முடியாத இடத்தில் மட்டும், வழிகாட்டி மதிப்பில் அல்ல, பக்கத்தில் அதே அளவு நிலத்தை வாங்கப் போதுமான தொகையாகப் பணம் வாங்க வேண்டும். அந்தப் பணம் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் செலவாக வேண்டும். வீட்டுக்கும் இதே விதி.

மூன்றாவது, மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு. 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு ஒரு சட்டம் இயற்றியது. நிதி ஒதுக்கீட்டில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்பதே அதன் அடிப்படை. அந்த அடிப்படையைப் புதுக் கட்டடங்களிலிருந்து வரும் நிதிக்கும் நீட்டிக்க வேண்டும். கண்ணகி நகருக்கு ஒரு நூலகமும் பெரும்பாக்கத்துக்கு ஒரு விளையாட்டு மைதானமும் எவருடைய கருணையாகவும் வர வேண்டியதில்லை. பக்கத்துக் கோபுரங்கள் கட்டிய கட்டணத்தில் நம் பங்காக வரட்டும்.

நான்காவது, வார்டு வாரியான கணக்கு. எந்த வார்டில் எந்தத் திட்டத்திலிருந்து எவ்வளவு வசூல், எந்த வார்டில் எவ்வளவு செலவு என்பதை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். தானமாகப் பெற்ற ஒவ்வொரு திறந்தவெளியின் பட்டியலையும் சர்வே எண்ணோடு வெளியிட்டு, அதன் வாசலில் ‘இது மாநகராட்சிக்குச் சொந்தமான பொது இடம், அனைவரும் வரலாம்’ என்று பலகை வைக்க வேண்டும். மதிலுக்குள் இருந்தால் தெருப்பக்கம் வழி திறக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் புரட்சிகரமான கோரிக்கை இல்லை. பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் விதியை அதன் சொந்த நோக்கத்துக்கு உண்மையாக நடந்துகொள்ளச் சொல்பவை.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-இல் முடிகிறது. அடுத்த இருபதாண்டுகளுக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் நகரங்களில் வந்திருக்கின்றன. அங்கே சாக்கடை அடைப்பையும் தெருவிளக்கையும் பேசுகிறோம்; பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் அவற்றோடு மூன்று கேள்விகளையும் எழுதிக்கொடுங்கள். நம் வார்டில் கடந்த ஐந்து ஆண்டுகளில் அனுமதி பெற்ற பெரிய கட்டடங்கள் எவை? அவற்றிடம் பொது வசதிக்காக வாங்கியது எவ்வளவு? அதில் நம் தெருக்களுக்கு வந்தது எவ்வளவு? பதில் வராவிட்டால் இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சிஎம்டிஏவுக்கும் மாநகராட்சிக்கும் அனுப்புங்கள்.

பொதுப்பணத்தில் ஆனது பொதுவுக்கு என்று சட்டமன்றத்தில் சொல்ல இரட்டைமலை சீனிவாசனுக்கு அன்று ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க இன்று நமக்கு ஒரு விண்ணப்பமும் பத்து ரூபாயும் போதும்.